கூட்ஸ் வண்டி பார்க்கத்தான் போனேன்

பிரபா,

போனில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்கிறாய். நான் மூன்றாவது வார்த்தையைத் தொடங்குவதற்குள் "இரு, நித்யா பேசணுமாம்" என்று போனை அவளிடம் கொடுத்துவிடுகிறாய். மருமகளும் பாவம், சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா என்று கேட்பதைத் தவிர வேறு என்ன செய்வாள்? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். காகிதத்தைப் பாதியில் வாங்கி இன்னொருத்தர் காதில் வைக்க முடியாது. எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, பிழை இருக்கும், பொறுத்துக்கொள். படித்துவிட்டு மறைத்து வைக்கவும் வேண்டாம். நித்யா படிக்கட்டும், உன் மாமியார் வீட்டில் படிக்கட்டும், நம் தெருவே படித்தாலும் எனக்குக் கவலையில்லை. என்னைப் பற்றி ஊர் பேசி முடித்தாகிவிட்டது, நான் பேசுவதுதான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை கார் வருகிறது, துணிமணி எடுத்து வை என்று நீ சொல்லியிருக்கிறாய். அதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்து சேர வேண்டும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் நடந்ததை நீ எல்லாரிடமும் கேட்டாய். போலீஸ்காரரிடம் கேட்டாய், பக்கத்து வீட்டில் கேட்டாய், ரயில்வே கேட்டில் இருந்த அந்தப் புது ஆளைக்கூடப் போனில் பிடித்துக் கேட்டாய். என்னிடம் கேட்கவில்லை. எனவே முதலில் அதைச் சொல்கிறேன்.

அன்றைக்குக் காலையில் சமையலை முடித்தேன். புளிசாதம் கொஞ்சம் டப்பாவில் எடுத்துக்கொண்டேன், தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டேன். போன் சார்ஜில் கிடந்தது, அதை அப்படியே விட்டுவிட்டேன். சங்கிலியையும் வளையலையும் கழற்றி அலமாரியில் வைத்தேன். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் ரோட்டில் பைக்கில் வந்து சங்கிலி அறுக்கிறார்கள் என்று எனக்குச் சொன்னதே நீதான். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்தேன், கேஸ் சிலிண்டர் வருகிற நாள் அது. பிறகு நடந்து, குத்தகைக்கு விட்ட நம் நிலத்தைத் தாண்டி ரயில்வே கேட்டுக்குப் போனேன். கேட்டுக்கு இந்தப் பக்கம், வேலிக்கு வெளியே, ஒரு வேப்பமரம் இருக்கிறது. அதன் கீழே பழைய சிமெண்டு ஸ்லீப்பர் கட்டைகளை அடுக்கிப் போட்டிருக்கிறார்கள். நான் எப்போதும் குந்துகிற இடம் அதுதான். தண்டவாளத்துக்கும் அதற்கும் நடுவில், நம் வீட்டு வாசலிலிருந்து தெருக்குழாய் வரைக்கும் இருக்கிற தூரம் இருக்கும். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

வழக்கமாகக் கேட்டில் சரளா இருப்பாள். விழுப்புரத்துக்காரி. ஆறு வருஷமாக என்னைத் தெரியும். போன் மணி அடித்ததும் "யம்மா, கூட்ஸு வளவனூர் தாண்டிச்சாம்" என்று அங்கிருந்தே கத்துவாள். அன்றைக்கு அவள் தங்கச்சி பிள்ளைக்குக் காது குத்து என்று லீவு. அவள் இடத்தில் வந்திருந்த ஆளுக்கு என்னைத் தெரியாது. அவன் பார்த்தது என்ன? வயதான ஒரு பொம்பளை, கழுத்தில் நகையில்லை, நெற்றியில் பொட்டில்லை, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மூன்று மணி நேரமாகத் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வெயில் பட்டால் எனக்குக் கண்ணில் தண்ணீர் வழியும், அது புரை எடுத்த நாளிலிருந்து இருக்கிறது. அவனைக் குறை சொல்ல மாட்டேன். பயந்து போன் பண்ணிவிட்டான். ஜீப் வந்தது. ஒரு போலீஸ்காரரும் ஒரு பெண் போலீசும் இறங்கி வந்தார்கள்.

"இன்னாம்மா, நல்ல வூட்டுப் பொம்பளையாட்டம் இருக்க, இங்க வந்து குந்திகினு இருக்க?" என்றாள் அந்தப் பெண்.

"கூட்ஸ் வண்டி பாக்க வந்தேம்மா."

"கூட்ஸ்ல யாரு வர்றா?"

"யாரும் வரல. வண்டியப் பாக்கத்தான்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு நான் சொன்ன ஒவ்வொன்றும் எனக்கு எதிராகவே போயிற்று. நகை எங்கே? வீட்டில் கழற்றி வைத்துவிட்டேன். போன்? வீட்டில். சாவி? பக்கத்து வீட்டில். வீட்டுக்காரர்? போய் நாலு வருஷம் ஆயிற்று. பிள்ளை? சென்னையில். பையைத் திறந்து பார்த்தார்கள். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான் வேகன் எண்ணிக்கை குறித்து வைத்த துண்டு ஒன்று இருந்தது. 42, 42, 58, 42, 21 என்று வரிசையாக இருக்கும். அந்தப் பெண் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இன்னாம்மா, யாருக்காவது எழுதி வச்சதா?" என்று ரொம்ப மெதுவாகக் கேட்டாள். அவள் குரலில் இருந்த இரக்கத்தைக் கேட்டதும்தான் அவர்கள் என்னை என்னவென்று நினைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் புரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரத்தில் சிரித்திருக்கக் கூடாது.

புதுச்சேரி ரயில்வே ஸ்டேஷனில் இருக்கிற போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் ஒரு நாற்காலியில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். மரியாதையாகத்தான் நடத்தினார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். நீ வந்து சேர நாலு மணி நேரம் ஆயிற்று. நீ வருவதற்கு முன்னால், நான் காலையிலிருந்து காத்துக்கிடந்த அந்த வண்டி வந்தது. இரட்டை எஞ்சின். சத்தத்திலேயே தெரிந்துவிடும், இரண்டாவது எஞ்சினின் அதிர்வு தனியாகத் தரையில் வரும். நான் எழுந்து ஜன்னலுக்குப் போகப் போனேன். "உக்காரும்மா, உக்காரும்மா" என்று அந்தப் பெண் ஓடிவந்து தோளைப் பிடித்து அமுக்கினாள். சுவருக்கு அந்தப் பக்கம் முழு வண்டியும் டக்கு டக்கு என்று போய் நின்றது. நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் நீ வந்தாய். முகமெல்லாம் வெளுத்து, சட்டை நனைந்து, காலில் ஆபீஸ் ஷூவோடு ஓடிவந்தாய். பார்க்கப் பாவமாக இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். என் கையைப் பிடித்தாய். என் முகத்தைப் பார்த்தாய். அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மேஜைப் பக்கம் திரும்பி, "சார், அப்பா போனதுலேர்ந்து அம்மாவுக்கு மனசு சரியில்ல. இனிமே தனியா விடமாட்டோம்" என்றாய். மேஜையில் இருந்த அதிகாரி ஒரு தாளை நீட்டினார். நீ எழுதினாய். நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். எழுதியதை அவர் உரக்கப் படித்துச் சரிபார்த்தார். 'மனநிலை பாதிக்கப்பட்ட என் தாயாரை இனி என் நேரடிக் கண்காணிப்பில் வைத்துப் பாதுகாப்பேன் என உறுதியளிக்கிறேன்.' கீழே உன் கையெழுத்து. உன்னை மடியில் வைத்துக்கொண்டு அரிசியில் விரலைப் பிடித்து 'அ' எழுதவைத்த கை என்னுடையது. அந்தக் கையெழுத்தை அங்கே பார்த்தபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை. யாரோ இன்னொரு பொம்பளையைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்பது போல இருந்தது. கோபம் வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது. இன்னும் போகவில்லை.

மூன்று நாள் நித்யா இங்கே தங்கினாள். நல்ல பெண். ஆனால் கிணற்றுக்கு மூடி போட ஆள் கூட்டிவந்தாள். மாட்டுக் கொட்டகையில் மாடே இல்லாமல் கிடந்த பழைய கயிற்றையெல்லாம் சுருட்டிக் குப்பை வண்டியில் போட்டாள். அதோடு விட்டாளா, பின்னால் இருந்த துணிக்கொடியையும் அவிழ்த்துவிட்டாள். நான் ஈரப்புடவையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். "எங்கேம்மா காய வைக்கிறது?" என்றால், அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். நான் அவளைச் சமாதானப்படுத்தினேன். மூன்று வாரமாகப் புடவையை முருங்கை மரத்தில் போடுகிறேன், கம்பளிப்பூச்சி ஏறுகிறது. இதற்கு மேல் உன் அத்தை மகள் வசந்தாவைக் காவலுக்குப் போட்டுவிட்டுப் போனாய். நான் கொல்லைக்குப் போனாலும் "அத்த, எங்க?" என்கிறாள். அவளுக்கு அவள் வீட்டு வேலை கெடுகிறது, எனக்கு மூச்சு முட்டுகிறது. தினம் நாலு தடவை வீடியோவில் என் முகத்தைப் பார்க்கிறாய். முகத்தில் என்ன தெரியும், பிரபா?

உனக்கு இது ஏன் பிடிக்கும், எதற்காகப் போகிறாய் என்று எல்லாரும் கேட்கிறார்கள். காரணம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கரிக்கலாம்பாக்கத்தில் பிறந்தவளுக்கு ரயில் ஏது? பாகூர்ப் பக்கம் முழுக்க பஸ்தான். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த முதல் மாதம், உன் அப்பாவுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு கரும்பு நிலத்துக்குப் போனபோதுதான் முதல் முதலாகக் கூட்ஸ் வண்டியைப் பார்த்தேன். அப்போது சின்னப் பாதை, வண்டியும் சின்னது. மூடின பெட்டிகள், ஜன்னல் கிடையாது. ஆள் கிடையாது. கடைசிப் பெட்டியில் மட்டும் கார்டு ஒருவர் தனியாக முக்காலி போட்டு உட்கார்ந்து டம்ளரில் எதையோ குடித்துக்கொண்டு போனார். பாசஞ்சர் வண்டி போனால் ஜன்னல் ஜன்னலாக நம்மைப் பார்ப்பார்கள், புடவையைச் சரிசெய்துகொள்ள வேண்டும். கூட்ஸ் வண்டி நம்மைப் பார்க்காது. அதில் யாரும் நம் வீட்டுக்கு வருவதில்லை, காப்பி போட வேண்டாம். யாரும் நம்மை விட்டுப் போவதில்லை, கண் கலங்க வேண்டாம். அது பாட்டுக்கு வரும், அது பாட்டுக்குப் போகும். பெட்டி மேல் இங்கிலீஷ் எழுத்து இருக்கும், எந்தெந்த ஊர் ரயில்வே என்று. அதைப் பார்த்துத்தான் எனக்கு மறந்துபோன இங்கிலீஷ் எழுத்தெல்லாம் திரும்ப வந்தது. பெட்டிக் கதவில் சாக்பீசால் யாரோ வேறு பாஷையில் கிறுக்கியிருப்பார்கள். சிவப்பு மண் ஒட்டிய வண்டி, சிமெண்டுத் தூள் படிந்த வண்டி. ஒரு தடவை ஒரு பெட்டியின் கதவு இடுக்கில் சிந்திக் கிடந்த தானியம் மழையில் முளைத்து, ஒரு சாண் உயரத்துக்குப் பச்சையாக நின்றது. கோதுமை என்று நினைக்கிறேன். நம் ஊரில் கோதுமைப் பயிரை யார் பார்த்திருக்கிறார்கள்? அது எந்த ஊரில் ஏறியதோ, ஆடிக்கொண்டே போயிற்று. இதையெல்லாம் சொன்னால் "அதனால இன்னா?" என்பார்கள். அதனால் ஒன்றுமில்லை. அதுதான்.

பாதையை அகலப்படுத்தினார்களே, அப்போது சில வருஷம் வண்டியே இல்லை. அந்த வருஷங்களில் நான் உங்கள் எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன் என்று உன் அப்பா சொல்வார். இருக்கலாம்.

இதில் என் தப்பும் ஒன்று உண்டு. அதை உன்னிடம் இத்தனை நாள் சொல்லவில்லை. உன் இடது கணுக்காலில் தழும்பு இருக்கிறதே, அது நீ சைக்கிளில் விழுந்து வந்ததில்லை. உனக்கு நாலு வயது. கரும்பு வெட்டு முடிந்த நிலத்தில் உன்னை வரப்பில் உட்கார வைத்துவிட்டு அடுப்பெரிக்கக் காய்ந்த கரும்புச் சோகை பொறுக்கிக்கொண்டிருந்தேன். வண்டி வந்தது. நீளமான வண்டி. நான் நிமிர்ந்து நின்று எண்ண ஆரம்பித்தேன். முப்பதோ என்னவோ எண்ணியிருப்பேன், உன் அலறல் கேட்டது. நீ வரப்பிலிருந்து இறங்கி ஓடி, வெட்டின கரும்பின் அடிக்கட்டை மேல் விழுந்திருந்தாய். ஈட்டி மாதிரி ஏறியிருந்தது. வில்லியனூர் ஆஸ்பத்திரியில் ஐந்து தையல். உன் அப்பாவிடம், "சைக்கிள் சக்கரத்துல கால விட்டுட்டான்" என்று பொய் சொன்னேன். அதையே எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி நீயும் அதையே நம்பி வளர்ந்துவிட்டாய். அதற்குப் பிறகு நீ பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் வண்டிச் சத்தம் கேட்டாலும் நான் திரும்பிப் பார்க்கவில்லை. அது எனக்கு நானே போட்டுக்கொண்ட தண்டனை. நீ இப்போது கோபப்படுவதானால் இதற்குக் கோபப்படு, நியாயம் இருக்கிறது.

இன்னொரு தப்பும் உண்டு. அதை நீ மறந்திருக்க மாட்டாய். கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்தாயே, இரண்டாம் வருஷம், மூன்று பேப்பர் போயிற்று என்று சொன்னாய். அடுத்த நாளிலிருந்து போன் எடுக்கவில்லை. பேப்பரில் எந்தப் பிள்ளையோ பரீட்சையில் தோற்று உயிரை விட்ட செய்தியை அதற்கு முந்தின வாரம்தான் படித்திருந்தேன். உன் மாமனை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வார்டனிடம் அழுதேன், கத்தினேன். அவர் ஆளை விட்டுக் கதவை உடைக்கச் சொன்னார். உள்ளே நீ லுங்கியோடு தூங்கிக்கொண்டிருந்தாய். போன் வாளித் தண்ணீரில் விழுந்து கெட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான். ஹாஸ்டல் பையன்களெல்லாம் வாசலில் கூடி நின்றார்கள். நான் உன்னைக் கட்டிக்கொண்டு "ஏன்டா இப்படிப் பண்ண?" என்று ஒப்பாரி வைத்தேன். நீ எதுவுமே பண்ணவில்லை, தூங்கத்தான் செய்தாய். படிப்பு முடிகிற வரைக்கும் உன்னைக் 'கதவு' என்றே கூப்பிட்டார்களாம். நீ என்னிடம் சொன்னதில்லை, உன் கல்யாணத்துக்கு வந்த சிநேகிதன் சொன்னான். அவன் சிரித்துக்கொண்டு சொன்னான், எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நாள் அந்தப் பையன்கள் நடுவில் உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது நினைத்துப் பார்த்தேன். ஆனால் நினைத்தது வேறு, தெரிந்தது வேறு. ஸ்டேஷன் நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. பயம் வந்துவிட்டால் பெற்ற பிள்ளையும் கண்ணுக்குத் தெரிவதில்லை, பெற்ற தாயும் தெரிவதில்லை. நீ என்னிடமிருந்துதான் அதைக் கற்றிருக்கிறாய். உனக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அதற்கு இதைக் கற்றுக்கொடுக்காதே. கதவை உடைப்பதற்கு முன்னால் ஒரு தடவை தட்டிப் பார்.

நீ அழைத்துப் போன டாக்டரம்மா தட்டிப் பார்த்தார். சின்னப் பெண், உன்னைவிட வயது குறைவு. உன்னையும் நித்யாவையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, என்னை நேராகப் பார்த்து, "அம்மா, சாகணும்னு தோணுதா?" என்று கேட்டார். இந்த மூன்று வாரத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட ஒரே ஆள் அவர்தான். "இல்லம்மா" என்றேன். "இதுக்கு முன்னாடி தோணியிருக்கா?" என்றார். அதற்கும் பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை உனக்கும் சொல்கிறேன். பிறகு வண்டியைப் பற்றிக் கேட்டார். இருபது நிமிஷம் பேசினேன். 58 பெட்டி வண்டிக்கும் 42 பெட்டி வண்டிக்கும் என்ன வித்தியாசம் என்றெல்லாம் கேட்டார். கடைசியில், "தனியா இருக்காதீங்க, நாலு பேரோட பேசுங்க, ஒரு மாசம் கழிச்சு வந்து பாருங்க, மாத்திரை எதுவும் வேணாம்" என்றார். வெளியே வந்து உன்னிடமும் அதையே சொன்னார். நீ தலையாட்டினாய். காரில் ஏறியதும், "இந்த டாக்டருக்கு அனுபவம் பத்தாது" என்று நித்யாவிடம் சொன்னாய். சென்னையில் திங்கட்கிழமை வேறொரு டாக்டரிடம் பதிந்து வைத்திருக்கிறாய். எனக்குப் பைத்தியம் என்று சொல்கிற டாக்டர் கிடைக்கும் வரை போய்க்கொண்டே இருப்பாயா?

இப்போது நான் அந்த டாக்டரிடம் சொன்னது. உன் அப்பா போன மூன்றாவது மாதம், நிலத்தைக் குத்தகைக்கு விட்ட வாரம். ஒரு நாள் காலையில் எழுந்திருக்கப் பிடிக்கவில்லை. பால் வாங்கப் போகவில்லை, விளக்குமாறு தொடவில்லை. எழுந்து யாருக்கு என்ன செய்யப் போகிறோம் என்று இருந்தது. இப்படியே கண்ணை மூடிக்கொண்டு போய்விட்டால் நல்லது என்று நினைத்தேன். மனதார நினைத்தேன். அன்றைக்கு நான் தண்டவாளத்துப் பக்கம் போகவில்லை, பிரபா. பாயில் கிடந்தேன். மத்தியானம் நீ கூப்பிட்டாய். "நல்லா இருக்கியாம்மா?" என்றாய். "நல்லா இருக்கேன்டா" என்றேன். "சரிம்மா, மீட்டிங் இருக்குது" என்று வைத்துவிட்டாய். நான் பொய் சொன்ன அன்றைக்கு என்னை உடனே நம்பினாய். உண்மை சொன்ன அன்றைக்குப் போலீசில் எழுதிக் கொடுத்தாய். இதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் எனக்கு ஆற்றாமைதான் வருகிறது.

அடுத்த வாரம் எழுந்தேன். எழுந்து எங்கே போனேன் தெரியுமா? அந்த வேப்பமரத்தடிக்குத்தான். கூட்ஸ் வண்டிக்கு நேரம் கிடையாது, அது வரும்போதுதான் வரும். அதனால் போய் உட்கார வேண்டியிருந்தது. உட்கார்ந்தால் பசித்தது. பசித்தால் மறுநாள் சோறு கட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. சோறு கட்ட வேண்டுமானால் காலையில் எழுந்து அடுப்பு மூட்ட வேண்டியிருந்தது. சரளா பேச்சுக் கொடுத்தாள். இப்படித்தான் நான் பிழைத்து வந்தேன். எந்த இடத்தில் நான் சாகப் போகிறேன் என்று நீ நினைக்கிறாயோ, அந்த இடத்தில்.

முந்தாநாள் சரளா நம் வீட்டுக்கு வந்தாள். அவள் இல்லாத அன்றைக்கு இப்படி ஆகிவிட்டதே என்று வாசலிலேயே நின்று அழுதாள். "நீங்க வாங்கம்மா, நா இருக்கறப்ப வாங்க. வேலிக்கு இந்தாண்டயே பெஞ்சு போட்டு வச்சிருக்கறன்" என்றாள். வசந்தா விடவில்லை. "நானும் வருவேன்" என்றாள். "வா, யார் வேணாம்னது?" என்றேன். இருவரும் போய் உட்கார்ந்தோம். ஒன்றரை மணி நேரம் வண்டி வரவில்லை. வசந்தா போனில் மூன்று படம் போட்டுப் பார்த்து ஆரம்பத்திலேயே நிறுத்திவிட்டு, கொசுவை அடித்துக்கொண்டு, "எப்ப வரும், எப்ப வரும்" என்று சரளாவைப் பிடுங்கி எடுத்துவிட்டாள். கடைசியில் வந்தது. மூடின பெட்டி, நாற்பத்திரண்டு. பின்னால் கார்டு பெட்டி. போய்விட்டது.

வசந்தா என்னைப் பார்த்தாள். தண்டவாளத்தைப் பார்த்தாள். "இதானா அத்த?" என்றாள்.

"இதான்."

"இதுக்கா இவ்ளோ கலாட்டா?" என்றாள். அவளுக்கு ஏதோ நஷ்டம் வந்தது போல ஆகிவிட்டது. திரும்பி வரும் வழியெல்லாம், "நா கூட இன்னாவோன்னு பயந்துட்டன் அத்த, வெறும் வண்டியப் பாக்கவா போற" என்று சலித்துக்கொண்டே வந்தாள். நேற்று நான் கொல்லைக்குப் போனபோது அவள் எங்கே என்று கேட்கவில்லை. அவள் வீட்டில் மாவு அரைக்கப் போய்விட்டாள்.

நேற்று இன்னொரு காரியமும் செய்தேன். நீ கோபப்படுவாய், படு. டவுன் பஸ் ஏறிப் புதுச்சேரி ஸ்டேஷனுக்குப் போனேன். அதே பெண் போலீஸ் இருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தாள். "என் பிள்ள எழுதிக் குடுத்த தாள வாங்கிப் போவலாம்னு வந்தேன்" என்றேன். அதெல்லாம் தர முடியாது என்றாள். "அப்ப நானும் ஒண்ணு எழுதித் தரேன், அதையும் அதோட வையி" என்றேன். மேஜையில் இருந்தவர், "இது எந்த ஃபைல்லயும் சேராதும்மா" என்றார். சேருகிற வரைக்கும் உட்கார்ந்திருக்கிறேன் என்று பெஞ்சில் உட்கார்ந்தேன். காத்திருப்பதில் எனக்கு இருக்கிற பழக்கம் அவருக்குத் தெரியாது. இரண்டு மணி நேரம் கழித்து ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். நானே என் கையால் எழுதினேன். 'அன்றைய தினம் நான் வேலிக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தது கூட்ஸ் வண்டி பார்ப்பதற்காக. எனக்குச் சாகும் எண்ணம் இல்லை. என் மகன் பயத்தில் எழுதிக் கொடுத்தது தவறு. அவன் பேரில் எனக்கு வருத்தம் உண்டு, புகார் இல்லை.' கையெழுத்துப் போட்டேன். வாங்கியதற்கு ஒரு ரசீது எழுத வேண்டும் என்று அவர் நோட்டைத் திறந்தார். அதில் காரணம் என்று ஓர் இடம் இருந்தது.

"இன்னா போடறது?" என்றார் அவர்.

"பிடிக்கும்னு போடுங்க."

"அப்டியெல்லாம் போட முடியாதும்மா" என்றார். பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு, 'சொந்த விருப்பம்' என்று எழுதி, முத்திரை குத்திக் கிழித்துக் கொடுத்தார். அந்தப் பெண் எனக்குப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஆட்டோ பிடித்துக் கொடுத்தாள்.

ரசீதின் நகலை இதனுடன் வைத்திருக்கிறேன். கார் டிரைவர் நம்பர் வசந்தாவிடம் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். ஒன்பதாவது மாடியில் புறாவுக்கு வலை கட்டிய உன் சென்னை வீட்டுக்குப் பொங்கலுக்கு வருகிறேன், பத்து நாள் இருக்கிறேன். இருக்கச் சொல்லி வற்புறுத்தாதே. துணிக்கொடிக்கு நேற்றே புதுக் கயிறு வாங்கிக் கட்டிவிட்டேன். நித்யாவிடம் சொல், அவள் மேல் எனக்கு எதுவும் இல்லை.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதைப் படித்துவிட்டுக் கூப்பிடு. கூப்பிடும்போது நல்லா இருக்கியா என்று கேட்காதே. அந்தக் கேள்விக்கு எனக்கு ஒரே பதில்தான் வரும், நாற்பது வருஷப் பழக்கம். அந்தச் சின்ன டாக்டரம்மா கேட்டது போல நேராகக் கேள். வாய் கூசும், கேள். இல்லை என்றுதான் சொல்வேன், அதை நம்பு. என்றைக்காவது ஒரு நாள் ஆமாம் என்று சொன்னால், அன்றைக்கும் நம்பு. அன்றைக்கு யாரிடமும் எதையும் எழுதிக் கொடுக்காமல் நேராக என்னிடம் வா.

அம்மா